ஆஸ்டெக் மக்களின் இரண்டு நாள் கணக்குகள்: லீப் நாள் உண்டா, இல்லையா?

நிரல்நேசன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு தேதியைக் கொடுத்தால், பழைய மெக்சிகோவில் வாழ்ந்த ஆஸ்டெக் மக்களின் கணக்கில் அது என்ன நாள், என்ன வருஷம் என்று சொல்லும் சின்ன நிரல் ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். 260 நாள் சுற்று ஒன்று, 365 நாள் சுற்று ஒன்று, இரண்டும் 52 வருஷத்துக்கு ஒரு தடவை தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும், இதுவரை புரிகிறது. ஆனால் வலையில் இருக்கிற மாற்றிகளில் ஒரே தேதியைப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு விடை சொல்கிறது. சிலது லீப் நாளைக் கணக்கில் எடுக்கிறது, சிலது எடுப்பதில்லை. நாலு வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டினார்களா இல்லையா? கூட்டவில்லை என்றால் மழைக்கு எடுக்கிற விழா கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெயில் காலத்துக்குப் போய்விடுமே, மக்காச்சோளம் விதைத்துச் சாப்பிடுகிற ஜனங்கள் அதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? அப்புறம் அந்தப் பெரிய வட்டக் கல், அதைப் பார்த்துத்தான் நாள் எண்ணினார்களா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அந்தக் கல்லைப் பார்த்து யாரும் நாள் எண்ணவில்லை. 1790 டிசம்பர் 17 அன்று மெக்சிகோ நகரத்துப் பெரிய சதுக்கத்தில் தரையைச் சீர்செய்யும்போது கிடைத்தது. குறுக்களவு ஏறத்தாழ 3.6 மீட்டர், எடை சுமார் 24 டன், எரிமலைப் பாறை. கதீட்ரலின் சுவரோரம் சார்த்தி வைத்திருந்தார்கள், 1885 இல்தான் அருங்காட்சியகத்துக்குப் போனது. நடுவில் ஒரு முகம், அதைச் சுற்றி முன்னால் அழிந்துபோனதாக அவர்கள் நம்பிய நான்கு சூரியன்களின் நாட்பெயர்கள், அதற்கு வெளியே 20 நாட்குறிகள் கொண்ட ஒரு வளையம். அந்த வளையத்தை வைத்துத்தான் "நாட்காட்டிக் கல்" என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் 18 மாதங்களின் பெயர் அதில் எங்கேயும் இல்லை, இன்றைக்கு என்ன நாள் என்று பார்க்கவும் அதில் வழி கிடையாது. மோக்டெசுமாவின் பெயர்க்குறியும் அதிலேயே செதுக்கியிருக்கிறது. சூரியனின் வரலாற்றையும் அரசனின் பெயரையும் சேர்த்துச் சொல்கிற அரசாங்கக் கல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாளை எண்ணியது மனிதர்கள், கையில் புத்தகம் வைத்துக்கொண்டு. அத்தி மரப் பட்டையைத் தட்டிச் செய்த தாளிலோ மான் தோலிலோ மடிப்பு மடிப்பாக எழுதிய படப்புத்தகம், தோனலமாட்ல் என்பார்கள். பாரிஸில் பிரெஞ்சு நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிற போர்போனிகஸ் சுவடியின் படங்களை ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 13 நாள். பக்கத்தின் பெரிய பகுதியை அந்த 13 நாளுக்கும் உரிய தெய்வம் எடுத்துக்கொள்கிறது, சுற்றி ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்த எண்ணும் நாட்குறியும், கூடவே அந்த இரவை ஆள்கிற ஒன்பது பேரில் ஒருவர். இப்படி மொத்தம் 20 பக்கம் இருந்திருக்க வேண்டும், முதல் இரண்டு போய்விட்டன.

இனி 260 நாள் சுற்று, தோனல்போவல்லி. 1 முதல் 13 வரை எண்கள், முதலையில் தொடங்கிப் பூவில் முடிகிற 20 குறிகள். எண்ணும் குறியும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு படி நகரும். 1 முதலை, 2 காற்று, 3 வீடு, 4 பல்லி, 5 பாம்பு என்று போய் 13 நாணல் வந்ததும் எண்கள் தீர்ந்துவிடும், குறிகள் தீராது. அதனால் அடுத்த நாள் 1 ஜாகுவார். இருபதாம் நாள் 7 பூ, இருபத்தொன்றாம் நாள் 8 முதலை. 13க்கும் 20க்கும் பொதுக் காரணி இல்லாததால் 260 நாள் கழித்துத்தான் மறுபடி 1 முதலை.

365 நாள் சுற்று, ஷியுபோவல்லி, தனி. 20 நாள் கொண்ட 18 மாதம், ஆக 360, கடைசியில் நெமோன்டெமி என்கிற 5 நாள். அந்த ஐந்து நாளில் முக்கியமான எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டார்கள், சண்டை போட மாட்டார்கள், அதில் பிறந்த குழந்தைக்கு நல்ல காலம் இல்லை என்று நினைத்தார்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விழா. எட்சால்குவலிஸ்ட்லி என்ற மாதத்தில் மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த கூழ் எல்லா வீட்டிலும் உண்டு, மழைக்கடவுள் த்லாலோக்குக்கு உரிய மாதம் அது.

லீப் நாள் விஷயம் பெரிய சண்டை. மற்றவர்களும் வரட்டும்.

நெய்தல்நிலா:
பள்ளியில் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) நடத்தும்போது இதைத்தான் நான் உதாரணமாகச் சொல்வேன். 260 என்பது 2×2×5×13, 365 என்பது 5×73. பொதுவாக இருப்பது ஒரு 5 மட்டும். ஆக 260×73 = 18,980 நாள், அதுவே 365×52. பிள்ளைகள் இந்த 73ஐக் கண்டுபிடித்ததும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

என் கேள்வி வேறு. 52 வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வந்தால் நம்முடைய பிரபவ, விபவ மாதிரிதான் ஆகிறது. வெறுமனே பிரபவ என்றால் எந்தப் பிரபவ என்று சொல்ல முடியாதே, அங்கேயும் அந்தக் குழப்பம் இருந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்பதையும் கல்தச்சன் சொன்னால் நன்றாக இருக்கும்.

கல்தச்சன்:
டீச்சர், நீங்கள் தொடங்கிய கணக்கிலேயே அதற்கும் விடை இருக்கிறது. 365ஐ 20ஆல் வகுத்தால் மீதி 5, 13ஆல் வகுத்தால் மீதி 1. வருஷத்தைக் குறிக்கிற நாள் என்று ஒன்று உண்டு, அதன் 260 கணக்குப் பெயரே வருஷத்தின் பெயர். ஒவ்வொரு வருஷமும் குறி ஐந்து படி தாண்டும், எண் ஒரு படி ஏறும். 20 குறியில் ஐந்தைந்தாகத் தாண்டினால் நாலு குறிதான் கிடைக்கும்: முயல், நாணல், சிக்கிமுக்கிக் கல், வீடு. நாலு குறி, 13 எண், 52 வருஷம். 1506 என்பது 1 முயல், 1507 என்பது 2 நாணல், 1519 என்பது 1 நாணல், 1521 என்பது 3 வீடு.

குழப்பம் இருந்தது உண்மைதான். வருஷக் கட்டங்களை வரிசையாக எழுதி அந்தந்த வருஷத்துப் போர், பஞ்சம், பட்டாபிஷேகம், கிரகணம் எல்லாவற்றையும் பக்கத்தில் வரைந்து வைத்த சுவடிகள் பல இருக்கின்றன. வரிசை அறுபடாமல் இருக்கிறவரை கவலை இல்லை. வரிசை இல்லாமல் தனியாக ஒரு "1 முயல்" மட்டும் கிடைத்தால் அது 1402ஆ 1454ஆ 1506ஆ என்று வேறு சான்று தேடித்தான் முடிவு செய்ய வேண்டும். பல நகரங்களின் பழைய அரசர் காலத்தை வைத்து இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

1454 என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த 1 முயல் வருஷத்துப் பஞ்சம் அவர்கள் மனதை விட்டு நீங்கவே இல்லை. பல வருஷம் விளைச்சல் பொய்த்து, பெற்ற பிள்ளைகளைக் கீழே கடற்கரைப் பக்கம் டோட்டோனாக் மக்களிடம் மக்காச்சோளத்துக்காக விற்றார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களை "ஒரு-முயலாக்கப்பட்டார்கள்" என்றே பேசினார்கள். 52 வருஷச் சுற்று முடிவதைக் கொண்டாடும் புது நெருப்புச் சடங்கு முன்பு 1 முயலில் நடந்ததாகவும், இந்தப் பயத்தால் அதை 2 நாணலுக்குத் தள்ளியதாகவும் பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது. எது எப்படியோ, கடைசிச் சடங்கு 1507இல், 2 நாணலில்தான் நடந்தது.

சுடர்விழி:
அந்தப் புது நெருப்பைப் பற்றி யாராவது விரிவாக எழுதுங்களேன். ஒரு வரியில் தாண்டிப் போகிற விஷயமா அது?

நெய்தல்நிலா:
நான் எழுதுகிறேன் சுடர். பெர்னார்தினோ தே சாகுன் என்ற பாதிரியார், ஆஸ்டெக் மக்களின் மொழியான நாவாட்ல் பேசும் முதியவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்ததில் இது ஏழாம் புத்தகத்தில் வருகிறது.

சுற்று முடிகிற அன்று தலைநகரமான தெனோச்டிட்லானிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் எல்லா நெருப்பையும் அணைத்துவிடுவார்கள். கோயில் நெருப்பு, வீட்டு அடுப்பு, எதுவும் மிஞ்சாது. அடுப்புக் கற்களையும் வீட்டில் இருக்கிற சின்ன விக்கிரகங்களையும் தண்ணீரில் எறிந்துவிடுவார்கள். வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கொட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் தெய்வங்களின் உடை தரித்த பூசாரிகள் வரிசையாக, மிக மெதுவாக, நகரத்திலிருந்து ஊய்ஷாச்ட்லான் குன்றை நோக்கி நடப்பார்கள். இன்று மெக்சிகோ நகரத்துக்குள் இஸ்தபலாபா பகுதியில் இருக்கிற "நட்சத்திரக் குன்று" அதுதான்.

ஜனங்கள் மொட்டை மாடிகளில் ஏறி அந்தக் குன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நெருப்பு பிடிக்கவில்லை என்றால் சூரியன் இனி வராது, வானத்திலிருந்து கொடிய உருவங்கள் இறங்கி மனிதர்களைத் தின்னும். கர்ப்பிணிகளுக்குக் கற்றாழை மடலில் செய்த முகமூடி போட்டுத் தானியக் குதிருக்குள் வைத்துப் பூட்டுவார்கள், அவர்களே கொடிய விலங்காக மாறிவிடுவார்கள் என்ற பயம். குழந்தைகளுக்கும் முகமூடி, தூங்க விடாமல் கிள்ளிக்கொண்டும் தட்டிக்கொண்டும் இருப்பார்கள், தூங்கினால் எலியாகிவிடும் என்று. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நடுராத்திரியில் தூக்கம் சொக்குகிற மூன்று வயதுக் குழந்தையைக் கிள்ளுகிற தாய் அந்தப் பயத்தை முழுமையாக நம்பியிருக்கிறாள்.

குன்றின் மேல் பூசாரிகள் கார்த்திகை மீன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுராத்திரியில் அது உச்சிக்கு வந்து மேற்கே தாண்டினால் உலகம் நிற்காது, ஓடும் என்று பொருள். உடனே ஒரு போர்க் கைதியின் மார்பில் கட்டையை வைத்து நெருப்புக் கடைவார்கள். பொறி பிடித்ததும் அவன் நெஞ்சைப் பிளந்து இதயத்தை அந்தத் தீயில் போடுவார்கள். 1507இல் அந்த மனிதன் ஊயெஷோட்சிங்கோவைச் சேர்ந்தவன், பெயர் ஷியுத்லமின், அவனைப் பிடித்தவன் த்லாட்டெலோல்கோ வீரன். இத்தனை ஆயிரம் பேருக்கு விடிந்த அந்த இரவில் உயிரை விட்டவனின் பெயராவது நமக்குத் தெரிகிறதே என்பதுதான் கொஞ்சம் ஆறுதல்.

தீ தெரிந்ததும் ஜனங்கள் தங்கள் காதைக் கீறி, தொட்டிலில் இருக்கிற குழந்தையின் காதையும் கீறி, ரத்தத்தை அந்தத் திசையில் தெளிப்பார்கள். ஓட்டக்காரர்கள் பைன் மரப் பந்தத்தில் நெருப்பை ஏந்திக்கொண்டு இறங்கி, முதலில் ஊயிட்ஸிலோபோச்ட்லி கோயிலுக்கு, அங்கிருந்து பூசாரிகளின் வீடுகளுக்கு, அப்புறம் தெருத் தெருவாகக் கொண்டுபோவார்கள். விடிவதற்குள் எல்லா அடுப்பும் எரியும். மறுநாள் புதுப்பாய், புது அடுப்புக்கல், புது உடை. நண்பகல்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து கீரை விதையும் தேனும் சேர்த்த பலகாரம் சாப்பிடுவார்கள்.

சுடர்விழி:
நன்றி அக்கா. படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சாதாரண நாளில் இந்த 260 கணக்கு என்ன வேலை செய்தது? கெட்ட நாளில் குழந்தை பிறந்துவிட்டால் என்ன செய்வார்கள்? அதோடு முடிந்ததா அந்தக் குழந்தையின் கதை?

கல்தச்சன்:
முடியாது, அதற்கு வழி வைத்திருந்தார்கள். பிள்ளை பிறந்ததும் நாள் பார்ப்பவரை, தோனல்பௌக்கியை, வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். எந்த நேரத்தில் பிறந்தது என்று விசாரிப்பார். நடுராத்திரியை ஒட்டிப் பிறந்திருந்தால் இரண்டு நாளின் குணத்தையும் சேர்த்துப் பார்ப்பார். புத்தகத்தைப் பிரித்து அந்த 13 நாள் கட்டத்தை ஆள்வது யார், அன்றைய எண் என்ன, குறி என்ன, இரவுக்கு உரியவர் யார் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் பலன். 2 முயலில் பிறந்தால் பெருங்குடிகாரன் ஆவான் என்பார்கள், முயல்தான் கள்ளுக்கு உரிய குறி. ஆனால் பிறந்த நாள் மோசம் என்றால் குழந்தையைக் குளிப்பாட்டிப் பெயர் வைக்கிற சடங்கை அதே 13 நாளுக்குள் நல்ல எண் வருகிற நாளுக்குத் தள்ளிவைப்பார். 10, 11, 12, 13 பொதுவாக நல்ல எண்கள், 7ம் அப்படியே. ஆக வெறும் விதி என்று உட்கார்ந்துவிடவில்லை, அதற்குள்ளேயே கொஞ்சம் நகர்ந்துகொள்ள இடம் இருந்தது, அந்த இடத்தைக் காட்டுவதுதான் நாள் பார்ப்பவரின் வேலை. அவருக்குச் சாப்பாடு, துணி, வான்கோழி எல்லாம் கூலி.

வணிகர்கள் தூரப் பயணம் புறப்பட 1 பாம்பு நாளுக்காகக் காத்திருப்பார்கள். 1 மான், 1 மழை, 1 குரங்கு, 1 வீடு, 1 கழுகு, இந்த ஐந்து நாளில் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள், பிரசவத்தில் இறந்த பெண்கள் தெய்வங்களாகி இறங்கி வருகிற நாட்கள் அவை. 4 அசைவு சூரியனின் நாள், அன்று விரதம். இந்தக் கணக்கு கூடப் பிறந்த உறவு மாதிரி எல்லாக் காரியத்திலும் பக்கத்திலேயே இருந்தது. சாகுன் இதைப் பார்த்து வெகுண்டு, இது நாட்காட்டியே இல்லை, சூரியனுக்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லாத பிசாசு வித்தை என்று எழுதி, இதைப் புகழ்ந்த இன்னொரு பாதிரியாரோடு சண்டைக்கே போயிருக்கிறார். அவ்வளவு கோபம் வந்தவர் அதன் 260 நாளையும் பலனோடு எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது.

நிரல்நேசன்:
மணிக்கணக்கு ஏதாவது உண்டா? நாளை எப்படிப் பிரித்தார்கள்?

கல்தச்சன்:
நம் கடிகார மணி மாதிரி கிடையாது. கோயிலில் பகலிலும் இரவிலும் சங்கு ஊதுவார்கள், தூபம் காட்டுவார்கள், ஊர் அதை வைத்து நடக்கும். தெனோச்டிட்லானில் கெட்சால்கோவாட்ல் தெய்வத்தின் வட்டக் கோயிலில் இருந்த பெரிய முரசைச் சூரியன் மறையும்போது அடிப்பார்கள், சந்தைக்காரர்கள் மூட்டை கட்டுவார்கள், ஊர் அடங்கும். விடியலில் மறுபடி அடிப்பார்கள், பயணிகளும் வேலைக்குப் போகிறவர்களும் கிளம்புவார்கள். தியேகோ துரான் என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார்.

வான்பார்வை:
இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். லீப் நாள் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டும்.

"ஆஸ்டெக் மக்களுக்கு லீப் நாள் கிடையாது" என்று பல இடத்தில் ஒரு வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில் சம்மதம் இல்லை. சாகுனே நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நெமோன்டெமி ஐந்துக்குப் பதில் ஆறு நாள் இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அவர்கள் சூரியனைக் கவனிக்காதவர்களும் இல்லை. மெக்சிகோ பள்ளத்தாக்கைச் சுற்றி மலைகள். ஒரே இடத்தில் நின்று எந்த மலையின் எந்த மடிப்பில் சூரியன் உதிக்கிறது என்று பார்த்தாலே போதும், ஒன்றிரண்டு நாள் பிசகில்லாமல் பருவம் தெரிந்துவிடும். த்லாலோக் மலை உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேலே, சுவர் எழுப்பிய நீண்ட கல்பாதை ஒன்று இருக்கிறது. பிப்ரவரி 23, 24 தேதிகளில் அந்தப் பாதைக்கு நேராகச் சூரியன் உதிப்பதை அளந்து 2022 இல் கட்டுரை வந்தது. சாகுன் சொல்கிற வருஷப் பிறப்பும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். மோட்டோலினியா என்ற பாதிரியார் இன்னொன்று சொல்கிறார்: த்லகஷிபெவலிஸ்ட்லி விழா சம இரவு நாளில், சூரியன் பெரிய கோயிலின் நடுவில் நிற்கும்போது வரும், கோயில் கொஞ்சம் கோணலாக இருந்ததால் அதை இடித்து நேராகக் கட்ட மோக்டெசுமா விரும்பினாராம். இவ்வளவு கண் வைத்திருந்த ஜனங்கள் 52 வருஷத்தில் 13 நாள் நழுவுவதைச் சும்மா பார்த்துக்கொண்டா இருந்திருப்பார்கள்?

கல்தச்சன்:
வாங்க சார், இந்த வாதத்துக்காகத்தான் காத்திருந்தேன். சூரியனைப் பார்த்தார்கள் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. நாள் கூட்டினார்கள் என்பதில்தான் மறுப்பு.

முதலில் கணக்கு. ஒரு முயல் வருஷத்தில் 366 நாள் என்று வையுங்கள். 366ஐ 20ஆல் வகுத்தால் மீதி 6. முயலிலிருந்து ஆறு படி தள்ளினால் ஜாகுவார். அடுத்த வருஷத்துக்கு ஜாகுவார் வருஷம் என்று பெயர் வந்திருக்க வேண்டும். தெனோச்டிட்லான் பக்கத்துச் சுவடி எதிலும் ஜாகுவார் வருஷம் கிடையாது. நான்கு குறிகளும் ஒழுங்காக, வரிசை தப்பாமல் வருகின்றன.

"அந்தக் கூடுதல் நாளுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருக்கலாமே" என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, அதையும் சோதித்துப் பார்க்கலாம். தெனோச்டிட்லான் ஸ்பானியரிடம் விழுந்த நாள், கடைசி அரசன் குவாவ்டெமோக் படகில் பிடிபட்ட நாள், 1521 ஆகஸ்ட் 13. நாவாட்ல் மூலங்கள் அதை 3 வீடு வருஷம், 1 பாம்பு நாள் என்கின்றன. வணிகர்கள் புறப்படக் காத்திருந்த அதே நல்ல நாள். இப்போது குவாத்தமாலா மலைப்பகுதிக்குப் போங்கள். அங்கே கீச்சே மாயா மக்கள் இன்றுவரை அதே 260 நாள் கணக்கை விடாமல் எண்ணி வருகிறார்கள், ஊரில் நாள் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய இன்றைய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் 1521 ஆகஸ்ட் 13 அன்று என்ன நாள் வருகிறது தெரியுமா? 1 பாம்பு. எண்ணும் அதே, குறியும் அதே.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டர், மொழி வேறு, அரசு வேறு. இந்தக் கணக்கு ஆஸ்டெக் மக்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் முந்தியது. குவாத்தமாலாவின் சான் பர்தோலோ சுவர்ச் சித்திரத் துண்டில் "7 மான்" என்ற நாள் கிடைத்திருக்கிறது, காலம் கி.மு. 300க்கும் 200க்கும் நடுவே. தெனோச்டிட்லானில் நாலு வருஷத்துக்கு ஒரு நாளைப் பெயரில்லாமல் விட்டிருந்தால் ஒரே ஒரு 52 வருஷச் சுற்றில் மாயா கணக்கிலிருந்து 13 நாள் விலகியிருக்கும். விலகவில்லை. யாரும் எங்கேயும் ஒரு நாளைச் செருகவும் இல்லை, விடவும் இல்லை. இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வான்பார்வை:
260 கணக்கு அறுபடவில்லை என்பதை நான் ஏற்கிறேன், அது அருமையான சான்று. ஆனால் அது 260க்கான சான்று. விழாக்கள் நடப்பது 365 நாள் கணக்கில். மாத விழாவை ஒரு நாள் தள்ளி நடத்தினால் 260 கணக்குக்கு ஒன்றும் ஆகாதே?

கல்தச்சன்:
விழாவைத் தள்ளி நடத்தியிருக்கலாம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வருஷத்தின் பெயர் 365 நாள் கணக்கிலிருந்தே பிறக்கிறது. வருஷத்தைத் தள்ளினால் ஜாகுவார் வந்து நிற்கும். அதனால் விழா நகர்ந்தாலும் எண்ணிக்கை நகரவில்லை என்பது என் முடிவு.

இன்னும் ஒன்று பாருங்கள். எந்த மாதத்தில் வருஷம் பிறக்கிறது என்பதிலேயே பாதிரியார்கள் எழுதியது ஒத்துப்போவதில்லை. சாகுன் அட்ல்கவாலோ என்கிறார், வேறு சிலர் இஸ்கல்லி, இன்னும் சிலர் த்லகஷிபெவலிஸ்ட்லி. ஊருக்கு ஊர் வழக்கம் வேறாக இருந்திருக்கிறது. நாள் கணக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றாக நிற்கிறது. எதை அவர்கள் உயிராக நினைத்தார்கள் என்பது எனக்கு இதிலிருந்தே தெரிகிறது. விதைப்புக்கு மலையும் மேகமும் போதும். எந்த நாள் என்ன குணம் கொண்டது என்பதற்கு எண்ணிக்கை அறுபடக் கூடாது. விழா நாலு நாள் முன்னால் வந்தால் சமாளிக்கலாம், நாளின் பெயர் தவறினால் பிறந்த பிள்ளைக்கே தவறான தெய்வம்.

வான்பார்வை:
மலைகளை வைத்துச் சூரியனைப் பார்த்தவர்கள் விழாக்களை அதற்கேற்பச் சரிசெய்திருப்பார்கள் என்ற பக்கம்தான் நான் இன்னும் நிற்கிறேன். த்லாலோக் மலைப் பாதையை வெறும் வேண்டுதலுக்காக அவ்வளவு நீளம் கட்டியிருக்க மாட்டார்கள். மழைக்கடவுள் மலை உச்சியில் மழைக்கு முந்திய மாதத்தில் சூரியன் நேராக வந்து நிற்கிறது, அதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எண்ணிக்கை பற்றி நீங்கள் சொன்னது சரி.

சுடர்விழி:
2012இல் உலகம் அழியும் என்று தொலைக்காட்சியில் அந்த வட்டக் கல்லைக் காட்டினார்களே, அது?

நெய்தல்நிலா:
அது மாயா மக்களின் நீண்ட கணக்கு சுடர், ஆஸ்டெக் மக்கள் அதைப் பயன்படுத்தவே இல்லை. படத்துக்கு மட்டும் இந்தக் கல்லைப் போட்டார்கள். நாள் பெயர் கொடுத்து ஆண்டு கொடுக்காத கதைகளும் இப்படித்தான் வளர்கின்றன. 1519 என்பது 1 நாணல் வருஷம், கெட்சால்கோவாட்ல் அந்தப் பெயருள்ள வருஷத்தில் திரும்பி வருவார் என்று நம்பித்தான் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்த்தெஸிடம் மோக்டெசுமா பணிந்தார் என்கிறார்கள். கோர்த்தெஸ் தன் அரசனுக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் தெய்வத்தின் பெயரே கிடையாது. எல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து எழுதப்பட்ட கதை. தோற்றவர்களை ஏமாளிகளாகக் காட்ட அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

நிரல்நேசன்:
எல்லோருக்கும் பெரிய நன்றி. அப்படியானால் நிரலில் 260 கணக்கை லீப் நாள் எதுவும் இல்லாமல் நேராக ஓட விடுகிறேன். வருஷப் பெயரையும் 365ஆகவே விடலாமா? தொடங்குகிற புள்ளியாக 1521 ஆகஸ்ட் 13ஐ 1 பாம்பு என்று வைத்தேன், ஆனால் இன்றைய கீச்சே கணக்கோடு 10 நாள் இடிக்கிறது.

கல்தச்சன்:
அந்த 10 நாள் ஜூலியன் தேதி. 1521இல் ஸ்பானியர்கள் எழுதியது பழைய ஜூலியன் நாட்காட்டியில். நிரல் மொழிகள் பல, எந்தக் காலத்துத் தேதியைக் கொடுத்தாலும் இன்று நாம் பயன்படுத்துகிற கிரிகோரியன் என்றே எடுத்துக்கொள்ளும். கிரிகோரியனில் அது 1521 ஆகஸ்ட் 23. அதைத் தொடக்கமாகப் போடுங்கள். வலையில் கிடைக்கிற மாற்றிகளில் சிலது தவறுவதும் இந்த இடத்தில்தான்.

வருஷத்தை 365ஆகவே விடுங்கள், ஆனால் பயனருக்கு ஒரு குறிப்புப் போடுங்கள். எண்ணினால் 1507க்கு அப்புறம் பத்தாவது 2 நாணல் 2027 என்று வரும், ஆனால் நாள் கூட்டாமலே ஓட விட்டால் வருஷப் பிறப்பு இன்றைக்கு ஏறத்தாழ நாலு மாதம் முன்னால் நகர்ந்திருக்கும். இன்று மெக்சிகோவில் கொண்டாடுகிறவர்கள் பருவத்தோடு கட்டி வைத்த தேதியைப் பயன்படுத்துவதால் அதோடு உங்கள் நிரல் ஒத்துப்போகாது.

சோதித்துப் பார்க்க ஒரு தேதி தருகிறேன். 1521 ஆகஸ்ட் 23 கிரிகோரியனிலிருந்து 2000 ஜனவரி 1 வரை 1,74,717 நாள். 260ஆல் வகுத்தால் மீதி 257, அதாவது 1 பாம்புக்கு மூன்று நாள் முன்னால். 1, 13, 12, 11 என்று எண்ணில் பின்னோக்கி வாருங்கள். பாம்பு, பல்லி, வீடு, காற்று என்று குறியில் பின்னோக்கி வாருங்கள். உங்கள் நிரல் 11 காற்று என்று சொல்ல வேண்டும்.

நிரல்நேசன்:
11 காற்று வந்துவிட்டது!